உப்பு கரையும் வரை

மாமியார் இன்றைக்கும் விரியவில்லை. மாமியார் என்பது கூடத்தில் உள்ள கடல்நீர் மீன்தொட்டியின் இடது மூலையில் இருக்கும் தோல் பவளம். என் மனைவி அம்சவேணி வைத்த பெயர். யாராவது லேசாகத் தொட்டுவிட்டால் போதும், அது உடம்பைச் சுருக்கி, மேலே மெழுகு பூசியதுபோல ஒரு படலத்தைப் போர்த்திக்கொண்டு, ஒரு வாரம் யாரோடும் பேசமாட்டேன் என்று உட்கார்ந்துவிடும். அவளுடைய மாமியார் என்றால் என்னைப் பெற்றவள் என்பதால் முதலில் எனக்கு வருத்தம்தான். பிறகு கவனித்துப் பார்த்தேன், சாயல் இருந்தது. ஆனால் அம்மாகூட ஒரு வாரத்துக்குமேல் கோபித்துக்கொண்டதில்லை, இது மாதக்கணக்காக ஆகிறது, சாம்பல் நிறத்தில், காய்ந்த கையுறை மாதிரி. வாளியில் மோட்டார் சுற்றுகிறது. சுத்திகரித்த தண்ணீரில் உப்புப் பொடியைக் கொட்டி, சின்ன மோட்டாரை உள்ளே இறக்கி, பால்போன்ற அந்தக் கலங்கல் தெளிந்து வாளியின் அடி தெரியும்வரை காத்திருக்க வேண்டும், பிறகு தொட்டியிலிருந்து அதே அளவு பழைய தண்ணீரை எடுத்துவிட்டு இதை ஊற்ற வேண்டும். கோயம்புத்தூரில், மூன்றாவது மாடியில், மோடாவில் உட்கார்ந்துகொண்டு, கடல் தயாரிக்கிறேன். காபி போடக்கூட இவ்வளவு சிரத்தை எடுத்ததில்லை. ஜன்னலைச் சாத்தலாம், ஆனால் சாத்தினால் மோட்டார் சத்தமும் குளிர்ப்பெட்டிச் சத்தமும் மட்டும்தான் மிஞ்சும், இந்த ஆடிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்து காலண்டரைத் தூக்கித் தூக்கி அடிப்பதாவது வீட்டில் இன்னொருவர் நடமாடுவதுபோல இருக்கிறது. காலையில் வாட்ச்மேன் தண்ணீர் மோட்டார் சாவிக்காக வந்தார், தொட்டியை எட்டிப் பார்த்தார், "செடியெல்லாம் வாடிப்போச்சுங்களே சார், உரம் கிரம் வெக்கறதுங்களா?" என்றார். செடி இல்லை, விலங்கு, வாய் உண்டு, வயிறு உண்டு, சாப்பிடும், நூலகப் பகுப்பில் இதற்கு இடம் ஐந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று, செடியானால் ஐந்நூற்று எண்பதில் வந்திருக்கும் என்று சொன்னேன். "அப்டீங்களா" என்று சாவியை வாங்கிக்கொண்டு போனார். அவர் போன பிறகுதான் தெரிந்தது, அதுதான் இன்று நான் பேசிய முதல் வாக்கியம், தொண்டை கரகரத்தது.

வேளாண் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் புத்தகங்களுக்கு எண் போட்டவன் நான். எதையும் வகைப்படுத்தாமல் பயப்படக்கூடத் தெரியாது. ஆகவே வகைப்படுத்துகிறேன். உப்பின் அளவு சரி. வெப்பம் சரி. நைட்ரேட் சரி, பாஸ்பேட் சற்றே அதிகம், ஆனால் அது அம்சா இங்கே இருந்தபோதும் அப்படித்தான் இருந்தது, அவள் கை தாராளம், மீனுக்குத் தீனி போடும்போதும் விருந்தாளிக்குச் சோறு போடுவதுபோலத்தான் போடுவாள். விளக்கு பழசா? போன தீபாவளிக்கு மாற்றியது. தண்ணீரில் மின்சாரம் கசிகிறதா? விரலை விட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. மின்சாரம் இருந்திருந்தால் இந்த ஆராய்ச்சியே அத்தோடு முடிந்திருக்கும், யாரும் இரண்டு நாள் கண்டுபிடித்திருக்கவும் மாட்டார்கள். வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம். சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டு, குலுக்கி, நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இளமஞ்சளா, எலுமிச்சை மஞ்சளா? பக்கத்தில் கேட்க ஆள் இருந்தால் இதெல்லாம் எளிது. அவள் "மஞ்சள்ங்க, மஞ்சள்ல என்ன ரகம்" என்று முடித்துவிடுவாள். டாக்டர் ஸ்டீபன்ராஜைக் கூப்பிட்டேன். பல் டாக்டர், தூத்துக்குடிக்காரர், கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் பெரிய பவளத் தொட்டி வைத்திருப்பவர். அங்கேதான் அம்சா கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொள்ளப் போய், வலியை மறந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்று, திரும்பி வரும்போது வீங்கிய கன்னத்தோடும் பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு துண்டு பவளத்தோடும் வந்தாள். கடலிலிருந்து எடுத்தால் குற்றம், இது டாக்டர் வீட்டிலேயே வளர்ந்து வெட்டிக் கொடுத்தது என்று, நான் கேட்பதற்கு முன்பே, வாய் திறக்க முடியாமல் கையால் ஜாடை காட்டிச் சொன்னாள். டாக்டர் எந்தப் பவளத்தையும் பல்லாகத்தான் பார்ப்பார். "கால்சியம் பாத்தீங்களா சார்?" "டாக்டர், இதெல்லாம் எலும்புக்கூடு இல்லாத வகை." "இல்லன்னா என்ன சார், பாக்கறதுல என்ன நஷ்டம்?" உண்மையில் தோல் பவளத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள் உண்டு, வாதத்தில் ஜெயிப்பதற்காக அதை நான் சொல்லவில்லை. "நத்தையெல்லாம் எப்படி சார் இருக்கு?" "கண்ணாடியிலிருந்து விழுந்துவிட்டன." "எறா?" "இறாலும் போய்விட்டது." "மீனு?" "ஜம்மென்று இருக்கின்றன." "அப்ப தண்ணி நல்லாத்தான் சார் இருக்கு, மீன் பொய் சொல்லாது" என்றார். பின்னால் யாரோ வாயைத் திறந்தபடி ஆ ஆ என்றார்கள், வைத்துவிட்டார்.

கோமாளி மீன்கள் இரண்டும் ஜம்மென்றுதான் இருக்கின்றன, அதுதான் எரிச்சல். ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள்போல உலாத்துகின்றன. தினம் வீடியோவில் அவற்றைத்தான் காட்டுகிறேன். போனை வெகு அருகில் கொண்டுபோய், மீன் மட்டும் தெரிகிற மாதிரி. அம்சா எங்கள் மகள் எழில்மதியின் பேறுகாலத்துக்கென்று மெல்பர்ன் போனவள், பிள்ளை பிறந்து தலை நின்றும் ஆயிற்று, விசாவை ஒருமுறை நீட்டி, மறுமுறையும் நீட்டி, இன்னும் அங்கேயே இருக்கிறாள். ஒவ்வொரு முறையும் என்னிடம் கேட்டாள், ஒவ்வொரு முறையும் "உன் விருப்பம்" என்றேன். மருமகன் வேலைக்குப் போகிறான், மகளும் போக வேண்டும், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டாமா, எல்லோர் வீட்டிலும் இப்படித்தான், இந்த அடுக்ககத்திலேயே மனைவிகளை அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பிவிட்டு லிப்டில் தூக்குச்சட்டியோடு சந்தித்துக்கொள்ளும் ஆண்கள் நான்கைந்து பேர் இருக்கிறோம், சாம்பார் யார் கடையில் என்பதற்குமேல் பேசிக்கொள்வதில்லை. சாயங்காலம் அவள் கூப்பிடுவாள். முதல் கேள்வி, "மாமியார் எப்படி இருக்காங்க?" "மௌனமா இருக்காங்க" என்பேன். பொய் இல்லை. அவள் சிரிப்பாள். இரண்டாவது, "மீனுங்க?" "அமோகம்." மூன்றாவது, "ஏனுங்க, குடம் காலியா?" "காலி." நான்காவதுதான், "நீங்க?" அதற்குள் குழந்தை அழும். குடம் என்பது செம்புக் குடம். விமானத்துக்குக் கிளம்புகிற அன்று சமையலறை மேடையில் வைத்து, ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிங்க, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மூட்டு எல்லாத்துக்கும் நல்லதுங்க, நான் இல்லாதப்ப உடம்பக் கெடுத்துக்காதீங்க என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவிட்டுப் போனாள். அந்தத் தண்ணீர் காசை வாயில் போட்டு உறிஞ்சுவதுபோல இருக்கும். என்னால் முடியாது. பொய் சொல்லவும் முடியாது. ஆனால் அவள் ஒருநாளும் குடித்தீர்களா என்று கேட்பதில்லை, காலியா என்றுதான் கேட்கிறாள். காலி செய்வது பெரிய காரியமில்லை. கொட்டுவதற்கும் மனம் வரவில்லை, சுத்திகரித்த தண்ணீர், ஒரு குடம் எடுக்க நாலு குடம் வீணாகிறது. இந்தக் காற்றில் தொட்டித் தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும். உப்பு ஆவியாகாது, தண்ணீர்தான் போகும், ஆகவே தினம் நல்ல தண்ணீரை ஊற்றி மட்டத்தைச் சரி செய்ய வேண்டும். ஊற்றினேன். குடம் காலி, தொட்டி நிறைவு, மனசாட்சி சுத்தம். இப்படியொரு ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததற்காக எனக்கு என்மேல் ஒரு மரியாதைகூட இருந்தது. வாரம் தவறாமல் புளி போட்டுத் தேய்த்து வைத்தேன், அவள் இருந்தபோதுகூட அது அப்படி மின்னியதில்லை.

வாளி இன்னும் கலங்கல்தான். மட்டம் இறங்கியிருக்கிறது, கோட்டுக்குக் கீழே இரண்டு விரற்கடை, ஊற்றிவிட்டு வந்து உட்காரலாம் என்று எழுந்து குடத்தைத் தூக்கினேன். தூக்கியபடியே மீன்களைப் பார்த்தேன். மீன் பொய் சொல்லாது. சரி, மீன் என்ன சொல்கிறது? முதுகெலும்பு உள்ளவை பிழைக்கின்றன. இல்லாதவை எல்லாம் சாகின்றன, நத்தை, இறால், காளான் பவளம், அப்புறம் அந்தத் துடிக்கும் பவளம், அதுதான் முதலில் போனது, குழந்தைக் கைகள்போலச் சின்னச் சின்ன விரல்களை மூடி மூடித் திறந்துகொண்டே இருக்கும், எதைப் பிடிக்கவோ தெரியாது. ஒருநாள் காலையில் எல்லாக் கைகளும் திறந்தபடி நின்றுவிட்டன. நான் அதன்முன்னே நின்று என் கையை மூடித் திறந்து காட்டினேன், வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் பார்க்க யார் இருந்தார்கள். முதுகெலும்பு உள்ளது, இல்லாதது. இரண்டு அலமாரி. எது ஒரு அலமாரியை மட்டும் அழிக்கும்? அம்சாவின் மீனுக்கு முன்பொரு தடவை வெள்ளைப் புள்ளி வந்தபோது டாக்டர் போனில் கத்தினார், "அம்மா, கடைல நீலமா ஒரு மருந்து குடுப்பான், வாங்கிராதீங்க, அது செம்பு, மீன் பொழச்சுக்கிடும், மத்ததெல்லாம் போயிரும்." நான் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது, விழுந்து எங்கோ கிடந்தது. குடம் என் கையில் இருக்கிறது. மூடியின் உள்பக்கம், நான் தேய்க்க மறந்த வளைவில், பச்சையாக ஒரு கோடு. சுத்திகரித்த தண்ணீர் பசித்த தண்ணீர், தன்னிடம் ஒன்றுமில்லாததால் தொட்டதையெல்லாம் தின்னும், இரவு முழுக்கச் செம்பைத் தின்றுவிட்டு விடிந்ததும் இங்கே வந்திருக்கிறது. தண்ணீர் ஆவியாகும். செம்பு ஆவியாகாது. உப்புக்கு இந்தக் கணக்கைப் போட்டவன் செம்புக்குப் போடவில்லை. என் சோதனைப் பெட்டியில் செம்புக்கு மருந்தே இல்லை, பெட்டியில் இல்லாததைத் தேட எனக்குத் தோன்றவில்லை, முப்பது வருடம் நூலகத்தில் இருந்தவனின் வியாதி அது, பட்டியல் அட்டையில் இல்லாத புத்தகம் உலகத்திலேயே இல்லை. குடத்தை மேடையில் வைத்தேன். அது இருந்த இடத்திலேயே வைக்காமல், கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

நான்தான். சரி, நான்தான். இனி என்ன? கரித்தூள் பையைப் போட்டு வடிகட்டலாம், தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கலாம், ஆனால் தொட்டியில் உள்ள கல்லும் மணலும் செம்பைக் குடித்திருக்கும், குடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கக்கும். ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றிய மறுநாளும் மாமியார் ஓரத்தில் லேசாக அவிழ்ந்ததும், அடுத்த நாளே இறுகிக்கொண்டதும் இதனால்தான். இந்தத் தொட்டிக்குள் இருக்கும்வரை அது பிழைக்காது. டாக்டர் தொட்டிக்குக் கொண்டுபோனால் பிழைக்கலாம். இது தெளிவு, வாளியைவிடத் தெளிவு. ஆனால் கொண்டுபோய்விட்டால் இந்த வீட்டில் பவளம் இல்லை. சாயங்காலம் அவள் முதல் கேள்வி கேட்பாள். மாமியார் டாக்டர் வீட்டில் இருக்காங்க என்றால் ஏன் என்பாள், குடம் வரும், எல்லாம் வரும். வரட்டும், திட்டுவாள், அது பரவாயில்லை, திட்டும்போது குரல் பக்கத்தில் கேட்கும். பயம் அதில் இல்லை. முதல் கேள்விக்கு ஆள் இல்லை, மூன்றாவது கேள்விக்கு அர்த்தம் இல்லை, நான்காவதாக நிற்கிற நான் முன்னுக்கு வருவேன் என்பது கணக்குப்படி சரி, ஆனால் மனிதர்கள் அப்படியா செய்கிறார்கள், பட்டியலையே மடித்து வைத்துவிடுவார்கள், கூப்பிடுவதே நின்றுபோகும். அவள் வேலை பார்த்த இன்சூரன்ஸ் ஆபீஸில் ஓய்வு பெற்ற அன்று கொடுத்த பணத்தில் அவள் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் இந்தத் தொட்டி. இதற்காகத் திரும்பி வருவாள் என்று நான் எங்கோ ஓர் ஓரத்தில் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். இரண்டு மீனுக்காக யார் பதினான்கு மணி நேரம் பறப்பார்கள்? அல்லது ஒன்றும் செய்யாமல் விட்டுவிடலாம், மாமியார் சீரியஸ், உடனே புறப்படவும் என்று பழைய தந்திபோல ஒரு செய்தி அனுப்பலாம், ஒவ்வொரு சொல்லும் உண்மை. சிரிப்பு வந்தது. ஆள் இல்லாத வீட்டில் சிரித்தால் அது சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது, வரும்போது சிரிப்பாக இருப்பதில்லை. அந்தச் சாம்பல் கையுறையைப் பார்த்தேன். அது என்னை நம்பி இங்கே இருக்கவில்லை, போக வழியில்லாமல் இருக்கிறது. அதைச் சாகக் கொடுத்து ஒருத்தியை வரவழைப்பதென்றால், அவள் வந்து நிற்கும்போது எந்த முகத்தைக் காட்டுவது? வாளியின் அடி தெரிகிறது. சற்று முன்பே தெளிந்திருக்கும், நான்தான் பார்க்கவில்லை.

கை கழுவி, சோப்பு வாசனை போகும்வரை கழுவி, மாமியார் ஒட்டியிருக்கும் கல்லை மட்டும் பிடித்து, உடம்பில் விரல் படாமல் தூக்கி, மோட்டார் நிறுத்திய வாளியில் புதுத் தண்ணீருக்குள் இறக்கினேன். எதிர்பார்த்ததைவிடக் கனம் குறைவு. தொட்டியில் அது இருந்த இடத்தில் வட்டமாக வெள்ளை மணல். மீன் ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போனது. டாக்டருக்குச் செய்தி அனுப்பினேன், "கொண்டாங்க சார், ஏழு மணி வரைக்கும் ஆள் இருக்கு, நடுவுல வாங்கிக்கிடுதேன்" என்று வந்தது. கிளம்ப வேண்டியதுதான். கிளம்பாமல், வாளியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, அவள் கூப்பிடும் நேரம் வருவதற்கு முன்பாக, நானே வீடியோவில் கூப்பிட்டேன். நானாகக் கூப்பிட்டு வழக்கமில்லை. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். "என்னங்க, இந்நேரத்துல? நெஞ்சு கிஞ்சு வலிக்குதுங்களா?" "இல்ல. செம்பு." "என்ன செம்பு?" "குடத்துத் தண்ணிய நான் குடிக்கல. தொட்டியில ஊத்தினேன். நீ போனதுலருந்து." கணக்குப் பார்க்கிறாள் என்று தெரிந்தது, இன்சூரன்ஸ்காரி. "காளான்?" "போச்சு." "துடிக்கறது?" "அதுதான் மொதல்ல." "அட என்னங்க நீங்க, புடிக்கலைன்னா சிங்குல கொட்டறதுக்கு என்ன? எங்கிட்டப் புடிக்கலைன்னு சொல்றதுக்கு என்ன? பொய் சொல்ல மாட்டேன், பொய் சொல்ல மாட்டேன்னு மெனக்கெட்டு இத்தனையும் கொன்னு போட்டிருக்கீங்க!" "ஆமா." "மாமியாரு?" "வாளியில இருக்காங்க. டாக்டர்கிட்ட விடப் போறேன். இங்க இருந்தா பொழைக்காது, கல்லெல்லாம் செம்பைக் குடிச்சிருச்சு." "அங்க பொழைச்சுக்குமா?" "பொழைச்சுக்கலாம்." மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாளா சளியா தெரியவில்லை, அங்கே இப்போது குளிர்காலம். பின்னால் குழந்தை கத்திக்கொண்டிருந்தது, குழாய் ஓடியது, எழில், "அம்மா, துண்டு எங்கம்மா?" என்றாள். "இத்தன நாளா மீனை மட்டும் காட்டிக் காட்டி… எனக்குத் தெரியாமயா போகும்? ஏதோ நத்தை செத்திருக்கும், மனுசன் பயந்துக்கிட்டுக் காட்டறதில்லைன்னு நெனச்சேன். இப்படின்னு நெனைக்கல." மறுபடி உறிஞ்சினாள். "சரிங்க. நானே சாயங்காலம் கேக்கலாம்னுதான் இருந்தேன். எழிலு இன்னும் மூணு மாசம் இருந்துட்டுப் போகச் சொல்றா. புள்ளைய அதுக்குள்ள காப்பகத்துல விட மனசில்லைங்கறா. நான் என்னங்க சொல்லட்டும் அவகிட்ட?"

உன் விருப்பம். வாய்வரை வந்துவிட்டது. எவ்வளவு நல்ல வாக்கியம், மரியாதை உண்டு, பெருந்தன்மை உண்டு, யாரும் குறை சொல்ல முடியாது, அதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டு ஒரு மனிதன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். குழந்தைக்கு ஆள் வேண்டும், அது நியாயம். மகள் கேட்கிறாள், அது நியாயம். என் பக்கத்தில் நியாயமே இல்லை, காட்ட ஒரு பவளம்கூட இல்லை, எதையும் சாக்காகச் சொல்ல முடியாது. வாளிக்குள் மாமியார் அசையாமல் கிடந்தது, தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்ததால் தண்ணீரே இல்லாததுபோல இருந்தது. "வந்துரு அம்சா" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. திரையில் அவள் முகம் அப்படியே இருந்தது, குழந்தையின் அழுகை மட்டும் ஏறியது. பிறகு, "இருங்க" என்றாள். "எழிலு, இவன கொஞ்சம் புடி. புடி கண்ணு, அப்பா பேசறாரு." படம் கவிழ்ந்தது. கூரை தெரிந்தது, ஒரு விளக்கு, இடைகழிச் சுவரில் எனக்குத் தெரியாத ஒரு படம், ஒரு கதவு. கதவு சாத்துகிற சத்தம். அழுகையும் குழாயும் நின்றுபோயின. அவள் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, போனை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்கு அருகில் கொண்டுவந்தாள். காதோரம் சாயம் போய் வெள்ளையாக இருந்தது, இதுவரை நான் கவனிக்கவில்லை. இத்தனை மாதத்தில் முதல்முறையாக எங்களுக்கு நடுவில் ஒரு சத்தமும் இல்லை.

"ம். இப்பச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.